ஈவிலில் மார்க் காணாமல் போனால் எங்கே தேடுவது

போன மாதம் ஒரு காலை, எங்கள் மெய்ப்புத் திருத்தும் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன் செய்தார். "அக்கா, நேத்து ராத்திரி இருபது இடத்துல மார்க் போட்டு வெச்சேன். இப்ப திறந்து பார்த்தா ஒண்ணுகூட இல்ல." மார்க் என்றால் பிறகு திரும்பத் தாவுவதற்காக உரையில் ஓர் இடத்தில் போட்டுவைக்கும் அடையாளம். ஒவ்வொரு மார்க்கும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டிய ஒரு சந்தேகம். அந்த இருபதையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முழு நூலையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வெறும் எம் தட்டினீங்களா, இல்ல கண்ட்ரோல்-எக்ஸ் போட்டு ஆர், எம் தட்டினீங்களா?"

"வெறும் எம்தான் அக்கா."

அப்படியென்றால் அவை திரும்பி வராது. அதை அவரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்துச் செய்த வேலை அது. இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்றுதான், ஈமாக்ஸ் என்ற எடிட்டரில், விம் என்ற எடிட்டரின் விசைகளைத் தரும் ஈவில் தொகுப்பைப் போட்டு வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு பார்த்த வேலையில் நாள் முழுக்க சர்வர் லாக் படிப்பேன், எல்லாம் விம்மில்தான். விரல்கள் அதற்குப் பழகிவிட்டன. பிறகு பழைய உரைநூல்களை மின்னூலாக்கும் வேலைக்கு வந்தபோது, என் டெர்மினலில் தமிழ் சரியாக நிற்கவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஈமாக்ஸ் 27-ஆம் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளைக் கொண்டு எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிறது, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. கண்ணுக்கு ஈமாக்ஸ் வேண்டும், கைக்கு விம் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது ஈவில். ஆனால் இப்படி இரண்டைச் சேர்த்த இடத்தில்தான் மார்க் குழப்பமும் பிறக்கிறது.

கீழே விசைகளை அவற்றின் பெயரால் சொல்கிறேன். எம் என்றால் கீபோர்டில் அந்த எழுத்துள்ள ஒரு விசை, அவ்வளவுதான்.

நீங்கள் போட்டது எது?

நார்மல் நிலையில், அதாவது விசைகள் எழுத்தாக விழாமல் கட்டளையாக வேலை செய்யும் நிலையில், எம் தட்டி, கூடவே ஒரு சிறிய எழுத்தைத் தட்டினால், அந்த பஃபருக்குள் (ஈமாக்ஸில் திறந்திருக்கும் அந்த உரைக்குள்) மட்டும் செல்லும் மார்க் விழும். பஃபரை மூடினால் போயிற்று. எம் தட்டி ஷிஃப்டோடு பெரிய எழுத்து தட்டினால், அந்த மார்க்குக்கு எந்த ஃபைல் என்பதும் தெரியும். வேறு ஃபைலில் இருந்துகொண்டே அங்கே தாவலாம். பஃபரை மூடும்போது ஃபைல் பெயரையும் இடத்தையும் ஈவில் குறித்துக்கொள்வதால், ஈமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது பிழைத்திருக்கும். ஈமாக்ஸையே மூடினால் இரண்டு வகையும் போய்விடும்.

விம்மிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். விம் மூடும்போது விம்இன்ஃபோ என்ற ஃபைலில் மார்க்குகளை எழுதிவைக்கும். வழக்கமான அமைப்பில் கடைசியாகத் திருத்திய 100 ஃபைல்களின் மார்க்குகள் அதில் இருக்கும். அதனால் மறுநாள் திறந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஈவில் தானாக அப்படி எதையும் எழுதிவைப்பதில்லை. விசை அதே விசை, ஆயுள் மட்டும் வேறு.

மறுநாளும் வேண்டுமென்றால் ஈமாக்ஸின் சொந்த புக்மார்க்தான் வழி. கண்ட்ரோல்-எக்ஸ், ஆர், எம் என்று தட்டினால் பெயர் கேட்கும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். கண்ட்ரோல்-எக்ஸ், ஆர், பி தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவும். கண்ட்ரோல்-எக்ஸ், ஆர், எல் தட்டினால் பட்டியல் வரும். ஈவிலின் நார்மல் நிலையிலும் இவை மூன்றும் அப்படியே வேலை செய்யும்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. ஈமாக்ஸ் கையேட்டில் மார்க் என்று வந்தால், அது கண்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது விழும் மறுமுனை. அதற்கும் நாம் பேசுவதற்கும் சம்பந்தமில்லை. மார்க் பிரச்சினைக்குத் தீர்வு தேடி அந்த அத்தியாயத்தைப் படித்து அரைநாளை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற சங்கதிக்கு மார்க், இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகிற சங்கதிக்கு புக்மார்க்.

எம் தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கீபோர்டு இன்னும் தமிழில் இருக்கிறது.

தமிழ்99 அமைப்பை எடுத்துக்கொள்வோம். எம் இருக்கும் விசையில் 'ர' இருக்கிறது. ஏ இருக்கும் விசையில் 'அ' இருக்கிறது. மார்க்குக்குத் திரும்பப் பயன்படும் ஒற்றை மேற்கோள் விசையில் 'ய' உட்கார்ந்திருக்கிறது. ஒரு பத்தியைத் திருத்திவிட்டு எஸ்கேப் தட்டுகிறீர்கள். ஈவில் நார்மல் நிலைக்குப் போய்விட்டது, ஆனால் கணினியின் கீபோர்டு தமிழிலேயே நிற்கிறது. நீங்கள் எம், ஏ என்று நினைத்துத் தட்டுகிறீர்கள், ஈவிலுக்குப் போய்ச் சேருவது ர, அ. அவற்றுக்கு அங்கே எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. மணி அடிக்கும், அல்லது அடி வரியில் அந்த எழுத்தைப் போட்டு 'அன்டிஃபைன்ட்' என்று காட்டும். அவசரத்தில் யாரும் அந்த வரியைப் பார்ப்பதில்லை. மார்க் விழுந்துவிட்டது என்று நினைத்து மேலே போய்விடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போகலாம் என்று மேற்கோள் விசையைத் தட்டும்போதுதான் தெரிகிறது.

ஒவ்வொரு முறையும் கவனமாக ஆங்கிலத்துக்கு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு முந்நூறு முறை எஸ்கேப் தட்டுகிறவரால் அது முடியாது. கணினியின் தமிழ் கீபோர்டை விட்டுவிட்டு, ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். இன்சர்ட் நிலையில் (தட்டுவது உரையில் எழுத்தாக விழும் நிலையில்) இருந்துகொண்டு கண்ட்ரோல்-எக்ஸ், ரிட்டர்ன், கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் தட்டினால் எந்த முறை வேண்டும் என்று கேட்கும். தமிழ் என்று ஆங்கில எழுத்தில் தொடங்கி டேப் தட்டினால் இருப்பவற்றைக் காட்டும். புதிய ஈமாக்ஸ் பதிப்புகளில் தமிழ்99-ம் உண்டு. ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் மட்டும் போதும், போட்டுப் போட்டு எடுக்கலாம்.

இதில் என்ன லாபம் என்றால், ஈமாக்ஸின் உள்ளீட்டு முறை எப்போது ஓடுகிறது என்பது ஈவிலுக்குத் தெரியும். எஸ்கேப் தட்டியதும் அதை அணைத்துவிடும். மறுபடி இன்சர்ட்டுக்குப் போனதும் தமிழைத் தானே எழுப்பிவிடும். ஐபஸ் போல வெளியே ஓடும் கீபோர்டைப் பற்றி ஈவிலுக்கு எதுவும் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்த நாளிலிருந்து, மார்க் விழவில்லை என்ற தொல்லை எனக்கு முக்கால்வாசி தீர்ந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தத் தேர்வு ஒவ்வொரு பஃபருக்கும் தனித்தனி. புதிய ஃபைலைத் திறந்தால் அங்கேயும் ஒருமுறை கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் தட்ட வேண்டும்.

தமிழ் கீபோர்டு காரணம் இல்லையென்றால், அடியில் மோட்லைன் என்ற நிலையைக் காட்டும் வரியைப் பாருங்கள். கோண அடைப்புக்குள் என் என்றிருந்தால் நார்மல். ஈ என்றிருந்தால் நீங்கள் ஈமாக்ஸ் நிலைக்குப் போய்விட்டீர்கள், அங்கே எம் தட்டினால் ஆங்கில எம் எழுத்து உரைக்குள் விழும். கண்ட்ரோல்-இஸட் தட்டியதால் வந்திருக்கும். வேறு மென்பொருள்களில் செய்ததைத் திரும்பப் பெற அதே விசைதானே, கை தானாகப் போகும். மறுபடி அதையே தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். வருவதற்கு முன் உரைக்குள் தவறிப்போய் விழுந்த எம்-களை அழித்துவிடுங்கள். ஒரு நூலில் வெண்பாவுக்கு நடுவே ஓர் ஆங்கில எம் கடைசி மெய்ப்புவரை தப்பிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கேப்ஸ் லாக் போட்டிருந்தால் கர்சர் திரையின் நடுவரிக்குக் குதிக்கும். பெரிய எம்-முக்கு ஈவிலில் அதுதான் வேலை. டைரெட் என்ற ஈமாக்ஸின் ஃபைல் பட்டியலில் எம் தட்டினால் ஃபைலின் பக்கத்தில் நட்சத்திரம் விழும். அது ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை, அங்கே அதுதான் சரி.

மார்க் இருக்கிறது, போகும் இடம் தப்பு

திரும்பப் போக இரண்டு விசைகள். ஒற்றை மேற்கோள் அந்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். டேப் விசைக்கு மேலே இருக்கும் பின்சாய்ந்த குறி, மார்க் போட்ட அதே எழுத்துக்குக் கொண்டுபோகும். கீபோர்டு அமைப்பு யூஎஸ் இன்டர்நேஷனல் என்றிருந்தால் இந்த இரண்டு விசைகளும் உடனே பேசாது. அடுத்து வரும் எழுத்தின் தலையில் குறி போடுவதற்காகக் காத்திருக்கும். மேற்கோளைத் தட்டி, கூடவே ஏ தட்டினால் தலையில் கோடு போட்ட ஏ வந்து நிற்கும். அமைப்பை சாதாரண யூஎஸ் என்று மாற்றுங்கள். மாற்ற முடியாத கணினி என்றால் மேற்கோளுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டுங்கள்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது, விம் பழகியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. விம்மில் மார்க் உள்ள வரியை அழித்தால் அந்த மார்க்கும் அழியும். திரும்பப் போக முயன்றால், மார்க் இல்லை என்று பிழை காட்டும். ஈவிலில் அப்படி இல்லை. ஈவிலின் மார்க் உள்ளுக்குள் ஈமாக்ஸின் மார்க்கர், அதாவது உரையோடு சேர்ந்து நகரும் இடக்குறி. சுற்றியிருக்கும் உரை போய்விட்டால், மிச்சம் ஒட்டிக்கொண்ட இடத்தில் அது நின்றுவிடும். தாவிப் பார்த்தால், அழித்த வரியின் இடத்துக்கு வந்த வேறு வரியில் சத்தமில்லாமல் உட்கார வைக்கும். ஒரு பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினாலும் இதே கதைதான். பத்தி போய்விடும், மார்க் பழைய இடத்திலேயே நிற்கும். எனவே பத்திகளை இடம் மாற்றிய பிறகு, போய்ச் சேர்ந்த இடத்தில் எம் தட்டி மார்க்கைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதே எழுத்தைப் போட்டால் பழையது தானாகப் போய்விடும்.

வெளியே ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி ஃபைலை மாற்றினால் இதைவிட மோசம். எங்கள் வேலையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புப் பிழைகளை மொத்தமாகத் திருத்த ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அது ஓடி முடிந்ததும் ஈமாக்ஸ் ஃபைலை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். தலையிலும் வாலிலும் மாறாத பகுதியில் இருந்த மார்க் பிழைத்துக்கொண்டது. நடுவே மாறிய பகுதியில் இருந்த என் மார்க்குகள் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிந்துகிடந்தன. ஸ்கிரிப்டை முதலில் ஓட்டிவிட்டு, மார்க் போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேறு வழி நான் கண்டதில்லை.

பஃபரின் ஒரு பகுதியை மட்டும் காட்டும்படி குறுக்கியிருந்தாலும், வெளியே உள்ள மார்க்குக்குப் போக முடியாது. கர்சர் ஓரத்தில் முட்டி நிற்கும். கண்ட்ரோல்-எக்ஸ், என், டபிள்யூ தட்டினால் முழுதும் விரியும்.

எந்த எழுத்தை எங்கே போட்டோம் என்பதே மறந்துவிட்டால், கோலன் தட்டி மார்க்ஸ் என்று எழுதி என்டர் தட்டுங்கள், பட்டியல் வரும். ஈவில்-அவுல் என்ற சிறு தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால், மேற்கோள் தட்டியதுமே மார்க்குகளும் அவை இருக்கும் வரிகளும் ஒரு சிறு ஜன்னலில் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு அது.

புக்மார்க் போட்டேன், மறுநாள் அதுவும் இல்லை

ஈமாக்ஸ் சாதாரணமாக புக்மார்க்குகளைத் தன்னை மூடும் நேரத்தில்தான் டிஸ்க்கில் எழுதும். கரன்ட் போனால், மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்தால், ஈமாக்ஸ் தொங்கிப்போய் நீங்கள் வலுக்கட்டாயமாக நிறுத்தினால், அன்று போட்ட புக்மார்க் ஒன்றும் மிஞ்சாது.

ஆல்ட்-எக்ஸ் தட்டி, கஸ்டமைஸ்-க்ரூப் என்று ஆங்கிலத்தில் எழுதி, என்ன குழு என்று கேட்கும்போது புக்மார்க் என்று கொடுங்கள். ஒரே பக்கத்தில் எல்லா அமைப்பும் வரும். அதில் புக்மார்க் சேவ் ஃபிளாக் என்பதன் மதிப்பை 1 என்று மாற்றிச் சேமியுங்கள். இனி ஒவ்வொரு புக்மார்க்கும் போட்ட அந்தக் கணமே எழுதப்படும். நான் எந்தக் கணினியில் ஈமாக்ஸ் நிறுவினாலும் முதலில் மாற்றுவது இதைத்தான்.

அதே கணினியில் இரண்டு ஈமாக்ஸைத் தனித்தனியாகத் திறந்துவைத்தால், இரண்டும் ஒரே புக்மார்க் ஃபைலில் எழுதும். ஒன்று எழுதியதை இன்னொன்று மறைத்துவிடலாம். புதிய பதிப்புகள் ஃபைல் மாறியிருந்தால் கவனித்துவிடுகின்றன. இருந்தாலும் ஒரே ஈமாக்ஸில் வேலை செய்வதுதான் நிம்மதி.

பதினாறு எழுத்துக் கணக்கு

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பழைய நீதிநூல் உரை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே 'இதன் பொழிப்புரை:' என்று தொடங்கி உரை வரும். சந்தேகம் வந்த உரையின் தொடக்கத்தில் புக்மார்க் போட்டுக்கொண்டே போனேன். பிறகு அச்சுப் பிரதியிலிருந்து நீண்ட முன்னுரை ஒன்றைத் தட்டச்சு செய்து ஃபைலின் தலையில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு புக்மார்க்கைத் திறந்தால், எல்லாமே சில பாட்டுகள் முன்னதாகப் போய் நிற்கின்றன. நிற்கும் இடம் மட்டும் மிகச் சரியாக ஒரு 'இதன் பொழிப்புரை:'யின் தொடக்கம். வேறு யாரோ ஃபைலைக் கலைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

புக்மார்க் ஃபைல் சாதாரண உரைதான். வீட்டு அடைவில் டாட்-ஈமாக்ஸ்-டாட்-டி என்ற அடைவுக்குள் புக்மார்க்ஸ் என்ற பெயரில் இருக்கும். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு புக்மார்க்குக்கும் முக்கியமாக நான்கு தகவல்கள். ஃபைல் பெயர். ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்து என்ற எண். அந்த இடத்துக்கு அடுத்து வரும் 16 எழுத்துகள். அதற்கு முன்னால் இருக்கும் 16 எழுத்துகள்.

தாவும்போது ஈமாக்ஸ் முதலில் அந்த எண்ணுக்குப் போகும். அங்கிருந்து கீழ்நோக்கி, அடுத்து வர வேண்டிய 16 எழுத்துகளைத் தேடும். கிடைத்தால் அங்கே நின்று, முன்னால் இருக்க வேண்டிய 16 எழுத்துகளை மேல்நோக்கித் தேடும். உரை கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் புக்மார்க் சரியாகப் போய்ச் சேருவதற்கு இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இங்கே எழுத்து என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல, யூனிகோடு எண்ணும் எழுத்து. 'ன்' என்பது இரண்டு: ன ஒன்று, புள்ளி ஒன்று. 'பொ' இரண்டு. 'ரை' இரண்டு. 'இதன் பொழிப்புரை:' என்பதை அப்படி எண்ணிப் பாருங்கள். 'இதன்' நான்கு. இடைவெளி ஒன்று. 'பொழிப்புரை' பத்து. முக்காற்புள்ளி ஒன்று. மொத்தம் சரியாக 16. ஆக, என் புக்மார்க் ஒவ்வொன்றும் நினைவில் வைத்திருந்தது அந்தத் தலைப்பை மட்டும்தான், அதற்கு மேல் ஓர் எழுத்துகூட இல்லை. முன்னுரை சேர்ந்ததால் உரை கீழே தள்ளப்பட்டது. பழைய எண் இப்போது உண்மையான இடத்துக்கு மேலே எங்கோ விழுகிறது. அங்கிருந்து கீழே தேடினால் முதலில் அகப்படும் 'இதன் பொழிப்புரை:' வேறொரு பாட்டினுடையது. முன்னால் இருக்க வேண்டிய எழுத்துகளை மேல்நோக்கித் தேடினாலும் பயனில்லை, அவை இன்னும் கீழே இருக்கின்றன. அங்கேயே நின்றுவிடுகிறது.

மேலே எதையாவது நீக்கியிருந்தால் இது நடந்திருக்காது. அப்போது உண்மையான இடம் எண்ணுக்கு மேலே இருக்கும், மேல்நோக்கித் தேடும்போது சரியாக அகப்பட்டுவிடும். அதனால்தான் சில நாள் சரியாகவும் சில நாள் தப்பாகவும் போய், என்னைக் குழப்பியிருக்கிறது.

தீர்வு இரண்டு. புக்மார்க்கைப் பொதுத் தலைப்பின் மேல் போடாமல், அந்த இடத்துக்கே உரிய சொல்லின் மேல் கர்சரை வைத்துப் போடுங்கள். பாட்டின் நடுவே வரும் ஓர் அரிய சொல் என்றால் இன்னும் நல்லது. அப்புறம், மேலே சொன்ன அதே கஸ்டமைஸ் பக்கத்தில் புக்மார்க் சர்ச் சைஸ் என்பது 16 என்றிருக்கும். நான் அதை 60 ஆக்கிவிட்டேன். தமிழுக்கு 16 போதாது, இரண்டு சொல் தேறினாலே அதிகம். இந்த மாற்றம் இனிமேல் போடும் புக்மார்க்குக்குத்தான். பழையவற்றை அதே பெயரில் மறுபடி போட வேண்டும்.

பட்டியலில் கே விசை

கண்ட்ரோல்-எக்ஸ், ஆர், எல் தட்டி வரும் பட்டியலில் ஈவில் தன் விசைகளை விட்டுக்கொடுத்து ஈமாக்ஸ் நிலைக்குப் போய்விடும். உங்கள் விரலுக்கு அது தெரியாது. கீழே இறங்கலாம் என்று ஜே தட்டினால் அந்த புக்மார்க் திறந்துகொள்ளும். மேலே ஏறலாம் என்று கே தட்டினால் அந்த வரியின் இடப்பக்கம் ஒரு டி விழும். டி என்றால் நீக்க வேண்டியது என்று அர்த்தம். நாலு முறை கே தட்டினால் நாலு புக்மார்க்கும் நீக்கத்துக்குக் காத்து நிற்கும்.

பதறாதீர்கள். எக்ஸ் தட்டும்வரை எதுவும் நீங்காது. டி விழுந்த வரியில் யு தட்டினால் அடையாளம் போய்விடும். அம்பு விசைகளால் ஏறி இறங்குங்கள். ஈவில்-கலெக்‌ஷன் என்ற தொகுப்பைச் சேர்த்தால் பட்டியலிலும் ஜே, கே விம்முக்கு உரியபடி நடக்கும். அதோடு, நீக்கும் முன் கேட்டுவிட்டு நீக்கும்படியும் கஸ்டமைஸ் பக்கத்தில் ஓர் அமைப்பு உண்டு, அதையும் போட்டுவையுங்கள்.

எக்ஸையும் தட்டிவிட்டீர்கள் என்றால்? சேவ் ஃபிளாக்கை 1 ஆக்கியிருந்தால் நீக்கமும் உடனே எழுதப்பட்டுவிடும். அந்த அமைப்பில் உள்ள ஒரே ஆபத்து இது. அதனால் நான் தினமும் வேலை தொடங்கும் முன் புக்மார்க்ஸ் ஃபைலைத் தேதியிட்டு ஒரு பிரதி எடுத்துவிடுகிறேன், சில கிலோபைட்தான். இழந்தால் ஆல்ட்-எக்ஸ் தட்டி புக்மார்க்-லோடு என்று கொடுத்து அந்தப் பிரதியைக் காட்டினால், அதில் இருப்பவை எல்லாம் வந்து சேரும்.

ஃபைலை வேறு அடைவுக்கு மாற்றினால், புக்மார்க்கைத் திறக்கும்போது ஃபைல் இல்லை, புது இடத்தைக் காட்டுகிறாயா என்று கேட்கும். காட்டினால் சரியாகிவிடும். பட்டியலில் பெரிய ஆர் தட்டியும் மாற்றலாம். சிறிய ஆர் பெயரை மட்டும் மாற்றும்.

தம்பியின் இருபது சந்தேகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்பதை அவரே நினைவிலிருந்து எடுத்துவிட்டார். மீதிக்காக நூலை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தோம். இந்த முறை புக்மார்க்தான் போட்டோம், பாட்டு எண்ணையும் சந்தேகத்தையும் சேர்த்து '127 றகரமா ரகரமா' என்கிற மாதிரிப் பெயர் வைத்து. பட்டியலில் ஒரு வரியின் மேல் நின்று ஈ தட்டினால் குறிப்பு எழுத ஒரு பக்கம் திறக்கும். அங்கே கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் தட்டித் தமிழில் எழுதிவிட்டு, கண்ட்ரோல்-சி இருமுறை தட்டினால் புக்மார்க்கோடு சேர்ந்துவிடும். பிறகு ஏ தட்டினால் குறிப்பு தெரியும். அச்சுப் பிரதியில் எந்தப் பக்கம், எந்த வரி, எந்த எழுத்து மங்கியிருக்கிறது என்று இப்போது தம்பி ஒவ்வொரு புக்மார்க்கிலும் எழுதிவைக்கிறார். நேற்று அவருடைய பட்டியலைத் திறந்து, அவரிடம் எதுவுமே கேட்காமல் பதினோரு இடத்தை நானே சரிபார்த்து முடித்தேன்.